ஷிஃப்டிங் தியேட்டர்: கடைமடை ஊர் ஒன்றின் திரையரங்கு, கொட்டகையிலிருந்து கல்யாண மண்டபம் வரை

நான் இந்தத் திரையரங்குக்கு 1989 முதல் 2021 வரை கணக்கு எழுதியவன். வரித் தாக்கல், உரிமப் புதுப்பிப்பு, வங்கிக் கடன் விண்ணப்பம் எல்லாம் என் கையால் போனவை. 1989-க்கு முந்தைய செய்திகள் குடும்பத்தாரும் பழைய ஆபரேட்டரும் சொன்னவை. அவற்றில் எனக்குக் கிடைத்த காகிதங்களோடு ஒத்துப்போனதை மட்டும் எழுதுகிறேன். ஊர்ப் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டாம் என்பது அவர்களுடைய விருப்பம். காவிரிக் கடைமடையில், திருவாரூர்–காரைக்குடி ரயில் பாதையை ஒட்டிய ஒரு பேரூராட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"டிவி வந்துச்சு, கேபிள் வந்துச்சு, செல்போன் வந்துச்சு, தியேட்டர் போச்சு" என்று ஊரில் சொல்கிறார்கள். கணக்குப் புத்தகம் வேறு மாதிரி சொல்கிறது. டிவியையும் கேபிளையும் தாண்டி இருபது வருடம் ஓடிய தியேட்டர், தனக்கு நல்லது என்று எல்லோரும் நம்பிய ஒரு மாற்றத்துக்குப் பிறகுதான் விழுந்தது. அந்த மாற்றத்தில் எனக்கும் பங்குண்டு.

பின்னணி: கீற்றுக் கொட்டகை

தஞ்சை, திருச்சி வட்டாரத்துக்குச் சினிமா மிக முன்னதாகவே வந்துவிட்டது. திருச்சியில் ரயில்வே எழுத்தராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ல் டு பான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை வாங்கி ஊர் ஊராகப் போனார். ஆனால் ஒரு கடைமடைக் கிராமத்தில் நிலையாக ஒரு கொட்டகை எழும்ப அதன்பின் ஐம்பது வருடம் ஆனது.

இங்கே அதைப் போட்டவர் ரைஸ்மில் வைத்திருந்த பெரியவர். மில்லில் ஆயில் எஞ்சின் இருந்தது. பகலில் நெல் அரைத்த எஞ்சின் இரவில் படம் ஓட்டியது. சென்னை மாகாணச் சினிமா ஒழுங்குமுறைச் சட்டம் 1955-ல் வந்தது, விதிகள் 1957-ல் வந்தன. அந்த விதிகளின்படி டூரிங் டாக்கீஸ் உரிமம் தற்காலிகமானது. ஆக, கொட்டகை ஊரில் வருடக்கணக்கில் நின்றாலும் காகிதத்தில் அது எப்போதும் 'வந்து போகும்' கொட்டகைதான்.

ஒரே புரொஜெக்டர். ரீல் முடிந்தால் விளக்கைப் போட்டு அடுத்த ரீலை மாட்ட வேண்டும் என்பதால், ஒரு படத்துக்கு மூன்று இடைவேளை. முன்னால் மணல் தரை, அதன் பின் பெஞ்சு, கடைசியில் சில நாற்காலி. நடுவில் ஆண் பெண் பிரிக்கத் தடுப்பு. தரை டிக்கெட்காரர்கள் மணலைக் குவித்து மேடு கட்டி உட்கார, பின்னால் இருப்பவர் கலைத்துவிட, சண்டை வரும். கீற்றுக்குள் பகல் வெளிச்சம் வருவதால் இரவில் இரண்டு காட்சி மட்டும். ஒலிபெருக்கியில் சாமிப் பாட்டு கேட்டால் டிக்கெட் கொடுக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். சுற்றியுள்ள ஏழெட்டு ஊருக்கு அதுதான் கடிகாரம்.

கல் கட்டடம்

1974-ல் பெரியவரின் மூன்று மகன்களும் சேர்ந்து ரைஸ்மில்லுக்குப் பக்கத்துக் களத்தில் நிரந்தரத் திரையரங்கு கட்டினார்கள். 612 இருக்கைகள், ஆஸ்பெஸ்டாஸ் கூரை, கார்பன் குச்சியில் எரியும் இரண்டு புரொஜெக்டர். ஒன்றில் ரீல் முடியும்போது திரையின் வலது மேல்மூலையில் ஒரு புள்ளி மின்னும். அதைப் பார்த்து ஆபரேட்டர் அடுத்த புரொஜெக்டருக்கு மாற்றுவார். இடைவேளை ஒன்றாகக் குறைந்ததில் முறுக்கு வியாபாரிக்குத்தான் வருத்தம்.

1979-ல் தூத்துக்குடியில் ஒரு கீற்றுத் தியேட்டர் தீப்பிடித்துப் பலர் இறந்தனர். அதற்குப் பிறகு சுற்றுவட்டாரக் கொட்டகைகளில் கெடுபிடி கூடியது. எங்கள் பக்கம் இரண்டு கொட்டகைகள் மூடப்பட்டன என்று ஆபரேட்டர் சொல்வார். முன்கூட்டியே கல் கட்டடத்துக்கு மாறியது மூத்தவரின் நல்ல முடிவு. அந்த மூடப்பட்ட கொட்டகைகளின் கூட்டமும் இங்கேதான் வந்தது.

இன்னொரு முடிவு அப்போது எடுக்கப்படாமல் விடப்பட்டது. மனை பெரியவர் பெயரிலேயே இருந்தது. சி ஃபார்ம் எனப்படும் உரிமம் மூத்தவர் பெயரில். மற்ற இருவருக்கும் வாய்ப்பேச்சில் பங்கு. அண்ணன் தம்பிக்குள் எழுத்து எதற்கு என்று விட்டுவிட்டார்கள். இது பின்னால் வரும்.

படம் பழசாகி வரும் வரிசை

இந்தப் பகுதியைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாத, தொழிலில் இருந்த நாங்களே மறந்துபோன விஷயம் இதுதான்.

தமிழ்நாடு சினிமா விநியோகத்தில் ஏரியா ஏரியாவாகப் பிரிந்திருக்கும். நாங்கள் டி.டி. ஏரியா, அதாவது திருச்சி–தஞ்சாவூர். ஏரியாவுக்குள் ஏ சென்டர், பி சென்டர், சி சென்டர். ஒரு பிரிண்ட் போடச் செலவு அதிகம் என்பதால் ஏரியாவுக்குச் சில பெட்டிகள்தான் வரும். அவை முதலில் தஞ்சாவூர், கும்பகோணம் போன்ற ஊர்களில் ஓடி, அப்புறம் தாலுகா ஊர்களில் ஓடி, அதன் பிறகு எங்களுக்கு. இரண்டாவது, மூன்றாவது சுற்றில் படம் போடும் இடத்தை 'ஷிஃப்டிங்' என்பார்கள். எங்களுடையது ஷிஃப்டிங் தியேட்டர்.

பெட்டி ரயிலில் வரும். சில சமயம் பக்கத்து ஊருக்கும் எங்களுக்கும் ஒரே பெட்டி. அங்கே முதல் ரீல்கள் ஓடி முடிய, ஒரு பையன் சைக்கிளில் அவற்றை இங்கே கொண்டு வருவான். வரும்போதே பிலிம் கீறி, திரையில் மழை பெய்யும். பாட்டு ஆரம்பிக்கும் இடத்தில் நாலு அடி காணாது. பிலிம் சிமென்ட் வைத்து ஒட்டி ஒட்டி ஓட்டுவோம்.

ஆனாலும் இந்தப் பழசுக்கு ஒரு பெரிய நன்மை இருந்தது. எங்களிடம் வரும்போது அந்தப் படம் ஓடுமா ஓடாதா என்பது ஏரியாவுக்கே தெரிந்துவிட்டிருக்கும். தோற்ற படத்தை நாங்கள் எடுக்கவே வேண்டாம். எடுத்தாலும் பெரும்பாலும் ஹயர், அதாவது இத்தனை நாளைக்கு இத்தனை ரூபாய் என்று நிலையான வாடகை. அதற்கு மேல் வருவதெல்லாம் தியேட்டருக்கு. ஆபத்தை முதல் ரிலீஸ்காரர்கள் சுமந்தார்கள், நாங்கள் மிச்சத்தில் பிழைத்தோம். மூத்தவர் என்னிடம் ஒருமுறை சொன்னார்: "தம்பி, நாம விக்கிறது சினிமா இல்ல. சோறு ஆறினாலும் சாப்பிடுறவன் இருக்கான்ல, அவனுக்குப் பந்தி வைக்கிறோம்."

ஆறின சோற்றைச் சாப்பிட வந்தவர்கள் யார் என்பது முக்கியம். முதல் நாள் முதல் காட்சி வேண்டுமென்ற இளைஞர்கள் பஸ் ஏறிப் போய் முன்பே பார்த்திருப்பார்கள். எங்களுக்கு வந்தவர்கள் பெண்கள், வயதானவர்கள், வயல் வேலை முடிந்து இரண்டாவது ஆட்டத்துக்கு வருகிறவர்கள், உப்பளத் தொழிலாளிகள். அவர்களின் கையில் காசு எப்போது இருக்கும் என்பதை மேட்டூர் முடிவு செய்தது. ஜூன் 12-ல் அணை திறந்து குறுவை நட்டால் நடவுக் கூலி புழங்கும். தை, மாசியில் சம்பா அறுப்பு முடிந்தால் கூட்டம் நிற்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் காட்சியை ரத்து செய்த நாட்கள் உண்டு. ஷிஃப்டிங் என்பதால் மூத்தவர் அதற்கேற்பப் படத்தைத் தேர்ந்தெடுக்க முடிந்தது. நல்ல படத்தை அறுப்புக்குப் பிடித்து வைப்பார். மழைக்கு மிகக் குறைந்த வாடகைப் படம். இந்தச் சுதந்திரம் முதல் ரிலீஸ் தியேட்டருக்குக் கிடையாது.

டிவி, வீடியோ, கேபிள்: பார்த்தவை

எண்பதுகளில் வீடியோ டெக் வாடகைக்கு வந்தது, 1993-ல் சன் டிவி வந்தது, 2006-ல் அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கியது. ஒவ்வொன்றின்போதும் வசூல் இறங்கியது, பிறகு ஓரளவு நிமிர்ந்தது.

1993-க்குப் பின் வந்த மூன்று வருடங்களின் தினசரி வசூல் கணக்கை (டி.சி.ஆர். என்போம்) நான் ஒருமுறை உட்கார்ந்து பிரித்துப் பார்த்தேன். கேபிளால் குறைந்தது முதல் ஆட்டம். மேட்னியும் இரண்டாவது ஆட்டமும் ஏறக்குறைய அப்படியே இருந்தன. மாலை ஏழு மணிக்கு வீட்டில் டிவி ஓடுகிறது. ஆனால் மதியம் வீட்டை விட்டுக் கிளம்ப ஒரு காரணம் வேண்டும் பெண்களுக்கு. அந்தக் காரணமாகத் தியேட்டர் இருந்தது. எம்.ஜி.ஆர். படங்களை மறுபடி மறுபடி ஹயரில் எடுத்துப் போட்டபோதும் அதே கூட்டம்தான் வந்தது. வீட்டில் டிவியில் பார்த்த படத்துக்கே வந்தார்கள்.

மூத்தவர் முதல் ஆட்டத்தின் டிக்கெட் விலையைக் குறைத்தார், பெண்கள் கவுண்டரைப் பெரிதாக்கினார், கழிப்பறையைக் கட்டினார். மூன்றும் பெரிய செலவில்லை. தியேட்டர் 2010 வரை பெரிய லாபமும் இல்லாமல் பெரிய நஷ்டமும் இல்லாமல் ஓடியது. கேன்டீன் குத்தகையும் சைக்கிள் ஸ்டாண்டு குத்தகையும் மட்டுமே மின்கட்டணத்தையும் சம்பளத்தையும் கட்டிவிடும்.

2012–13: முடிவு எடுத்த நேரம்

2011-ல் மூத்தவர் இறந்தார். உரிமம் அவர் மகன் பெயருக்கு மாறியது; இளையவர் என்று இனி நான் சொல்வது இந்த மகனை. சித்தப்பாக்கள் இருவரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். பங்கைப் பற்றி அப்போதும் யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

அந்தச் சமயத்தில் பெட்டி வருவது குறைந்துகொண்டே வந்தது. டிஜிட்டல் சர்வர் வைத்த தியேட்டர்களுக்குப் படம் பிலிம் இல்லாமலே போனது. பிரிண்ட் போடுவதையே விநியோகஸ்தர்கள் நிறுத்திக்கொண்டிருந்தார்கள். அதாவது நாங்கள் எந்த வரிசையின் கடைசியில் நின்றோமோ, அந்த வரிசையே கலைந்துகொண்டிருந்தது. எதுவும் செய்யாமல் இருப்பது என்ற வழி கிடையாது.

ஊரின் நிலைமையும் மோசம். 2012-ல் குறுவைக்குத் தண்ணீர் வரவில்லை. மின்வெட்டு ஒரு நாளில் பாதிக்கும் மேல். ஜெனரேட்டர் டீசலுக்கே ஒரு காட்சியின் வசூல் போய்விடும்.

மூன்று வழிகள் பேசப்பட்டன. மூடிவிடுவது. அல்லது, குறைந்த தரமுள்ள, விலை மலிவான டிஜிட்டல் கருவியை வைத்துப் பழையபடி ஷிஃப்டிங்கிலேயே தொடர்வது. அல்லது, 2கே எனப்படும் உயர்தர டிஜிட்டல் புரொஜெக்டரும் புதிய ஒலி அமைப்பும் புது இருக்கைகளும் போட்டு, பெரிய நடிகர் படங்களை முதல் நாளே ரிலீஸ் செய்வது.

மூன்றாவது வழி தேர்ந்தெடுக்கப்பட்டது. காரணங்கள் அன்றைக்கு நியாயமாகவே இருந்தன. பிலிம் இல்லாதபோது பிரிண்ட் பற்றாக்குறையும் இல்லை. சென்னையில் வெளியாகும் அதே நாளில் எங்கள் ஊரிலும் வெளியாகும். அறுபது வருடமாக ஆறின சோறு சாப்பிட்ட ஊருக்குச் சுடச்சுட இலை போடப்போகிறோம் என்ற பெருமை இளையவருக்கு. பக்கத்துத் தாலுகா ஊர்த் தியேட்டர் 2கே வைத்துவிட்டது. விநியோகஸ்தர் அலுவலகத்திலிருந்தும் வற்புறுத்தல் இருந்தது.

பெரிய சித்தப்பா மட்டும் ஒரு கேள்வி கேட்டார்: "ஒரே நாள்ல எல்லா ஊர்லயும் படம் வந்தா, நம்ம ஊருக்கு எவன்டா வெளியூர்லேர்ந்து வருவான்?" சுற்றியுள்ள கிராமங்களுக்கு நாங்கள்தான் தியேட்டர் என்பதால் அந்தக் கேள்வியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நானும்தான்.

வங்கிக்கு வருமான மதிப்பீடு தயாரித்தவன் நான். தாலுகா ஊரில் 2கே வைத்த பின் முதல் வார வசூல் எவ்வளவு கூடியது என்று விசாரித்து, அதில் பாதி எங்களுக்கு வரும் என்று போட்டேன். நான் பார்த்தது ரூபாயை. தலைகளை எண்ணியிருக்க வேண்டும். முதல் மூன்று நாள் டிக்கெட் எந்த விலைக்கு விற்கும் என்பது ஊரறிந்த விஷயம். அரசு நிர்ணயித்த விலை டிக்கெட்டில் அச்சாகியிருக்கும், அவ்வளவுதான். அந்த ஊதிய தொகையை வருடம் முழுக்க விரித்துப் போட்டு ஒரு கடனுக்குக் கணக்குக் காட்டினேன். கணக்கு எழுதுகிறவன் செய்யக்கூடாதது அது.

கடன் 2013-ல் கிடைத்தது. மனை இன்னும் தாத்தா பெயரில் இருந்ததால், எல்லா வாரிசுகளும் வங்கியில் வந்து கையெழுத்துப் போட்டார்கள். அப்போதே பிரித்திருந்தால் ஒரு நாள் வேலை.

அடுத்து நடந்தவை

முதல் தீபாவளி திருவிழா மாதிரி இருந்தது. கட்அவுட், பாலாபிஷேகம், விடியற்காலைக் காட்சி. ஊரில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. முதல் வருடக் கணக்கும் நன்றாகத்தான் வந்தது.

இரண்டாவது வருடத்தில்தான் டி.சி.ஆர். கட்டில் ஒரு வடிவம் தெரிய ஆரம்பித்தது. வெள்ளி, சனி, ஞாயிறு நிரம்புகிறது. திங்கட்கிழமை நாற்பது பேர். புதன்கிழமை காட்சி ரத்து. முன்பு ஒரு படம் பத்து நாள் போகும்; கூட்டம் சீராக, கொஞ்சம் கொஞ்சமாக வரும். இப்போது மூன்று நாளில் முடிந்துவிடுகிறது, மீதி நாலு நாள் ஏசி போடாமல் உட்கார்ந்திருக்கிறோம்.

இதில் இன்னொரு கண்ணி உண்டு. பங்கு முறையில் எடுத்தால் முதல் வார வசூலின் பெரும்பகுதி விநியோகஸ்தருக்கு. வாரம் ஏற ஏறத் தியேட்டரின் பங்கு கூடும். எங்களுக்கு இரண்டாவது வாரம் என்ற ஒன்றே வருவதில்லை. ஆகவே எப்போதும் எங்கள் பங்கு மிகக் குறைவாக இருக்கும் வாரத்திலேயே வியாபாரம் முடிந்துவிடும். பெரிய படமென்றால் பங்கும் கிடையாது, எம்.ஜி. (மினிமம் கேரண்டி); வசூல் வந்தாலும் வராவிட்டாலும் இவ்வளவு தருகிறேன் என்று முன்பணம் கட்ட வேண்டும். படம் ஓடுமா என்று யாருக்கும் தெரியாத நேரத்தில் கட்டும் பணம் அது. ஷிஃப்டிங்கில் நாங்கள் ஒருபோதும் சுமக்காத ஆபத்து, வட்டிக்கு வாங்கிய பணத்தில் எங்கள் தலையில் வந்து உட்கார்ந்தது.

இரண்டு அறிகுறிகள் அப்போதே கண்ணில் பட்டன. பெண்கள் கவுண்டரில் வெள்ளி, சனி இரண்டு நாளும் டிக்கெட் விற்பதே இல்லை. விசில், ஆட்டம், சட்டையைக் கழற்றிச் சுற்றுவது என்று ரசிகர் கூட்டம் நிறைந்த மூன்று நாளில் அவர்கள் வரவில்லை. கூட்டம் அடங்கிய திங்களன்று வருவதற்குள், படம் பற்றிய பேச்சே ஊரில் ஓய்ந்துவிட்டது. முன்பு நிதானமாக வந்துகொண்டிருந்தவர்களின் நாட்களை நாங்களே அழித்துவிட்டோம்.

இன்னொன்று, கேன்டீன்காரர். 2015-ல் குத்தகையைப் புதுப்பிக்க மறுத்தார். இருபது வருடமாக இருந்தவர். "மூணு நாள் வியாபாரத்துக்கு ஏழு நாள் அடுப்பு எரிக்க முடியாது மொதலாளி" என்றார். அவர் வசூலைப் பார்க்கவில்லை, முறுக்கை எண்ணினார். என் மதிப்பீட்டைவிட அவருடைய எண்ணிக்கை சரியாக இருந்தது. நாங்கள் வேறு ஆளுக்குக் குறைந்த தொகையில் குத்தகை விட்டுவிட்டு அடுத்த படத்துக்கு எம்.ஜி. பேசப் போனோம்.

ஆபரேட்டர் அறையும் மாறிவிட்டிருந்தது. படம் ஹார்ட் டிஸ்கில் வரும், அதைத் திறக்க ஒரு 'கீ' மின்னஞ்சலில் வர வேண்டும். பழைய பாக்கி ஏதும் இருந்தால் கீ வராது. முன்பு "பெட்டி வரல" என்று ஜனங்களிடம் சொன்ன ஆபரேட்டர், இப்போது "கீ வரல" என்று சொன்னார். பெட்டி என்றால் புரிந்துகொண்டவர்கள், கீ என்றால் கல்லெறிந்தார்கள். அத்துடன் ஒவ்வொரு படத்துக்கும் டிஜிட்டல் கட்டணம். அதைத் தயாரிப்பாளர் கொடுப்பதா, தியேட்டர் கொடுப்பதா என்ற சண்டை.

2017–18: வரி, வேலைநிறுத்தம், புயல்

2006 முதல் தமிழில் பெயர் வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரி விலக்கு இருந்தது. 2011-ல் யு சான்றிதழ் போன்ற நிபந்தனைகள் சேர்ந்தன. நடைமுறையில் எங்கள் படங்களில் பெரும்பாலானவற்றுக்கு வரியே இல்லை. 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி.: 100 ரூபாய் வரையிலான டிக்கெட்டுக்கு 18%, அதற்கு மேல் 28%. அதன்மேல் உள்ளாட்சிக் கேளிக்கை வரி 30% என்ற அறிவிப்பும் வந்ததால், ஜூலை 3 முதல் சில நாட்கள் தமிழகம் முழுக்கத் தியேட்டர்கள் மூடின. பின்னர் புதிய தமிழ்ப் படங்களுக்கு உள்ளாட்சி வரி 8% ஆனது. எங்களைப் போன்ற ஊரில் ஏற்றிய வரியை டிக்கெட்டில் ஏற்ற முடியாது. ஏற்றினால் திங்கட்கிழமை நாற்பது பேரும் வரமாட்டார்கள்.

2018 மார்ச் 1 முதல் டிஜிட்டல் கட்டணச் சண்டையில் தயாரிப்பாளர்கள் ஏறத்தாழ ஒன்றரை மாதம் புதுப்படம் வெளியிடவில்லை. பெரிய நஷ்டம் என்றுதான் எல்லோரும் பேசினார்கள். ஆனால் அந்த நாட்களில், மாநிலம் முழுக்கத் தியேட்டர்களை மூடுவதற்கு முன், இரண்டு வாரம் நாங்கள் டிஜிட்டலில் கிடைத்த பழைய படங்களைக் குறைந்த விலைக்குப் போட்டோம். மேட்னிக்குப் பெண்கள் வந்தார்கள். அளவான கூட்டம், ஆனால் வியாழக்கிழமையும் வந்தது. கேன்டீன் நடந்தது. வாடகை போகக் கையில் நின்றது, அதற்கு முந்தைய பெரிய படத்தில் நின்றதைவிட அதிகம்.

இந்த எண்களை எழுதிக்கொண்டு போய் இளையவரிடம் காட்டினேன். "இப்படியே ஓட்டலாமே, எம்.ஜி. வேண்டாமே" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். "கடன் கட்டணும்ணே. இதுல வர்ற லாபத்துல வட்டிகூடக் கட்ட முடியாது. பெரிய படம் ஒண்ணு அடிச்சாத்தான் அசல் குறையும்" என்றார். அவர் சொன்னதும் சரி. முதல் ரிலீஸுக்காக வாங்கிய கடன், முதல் ரிலீஸை விட்டு வெளியே வரவிடவில்லை.

அந்த வருடம் நவம்பர் 16 அதிகாலையில் கஜா. எங்கள் பக்கத்தில் தென்னை மிஞ்சவில்லை, மின்கம்பம் மிஞ்சவில்லை. தியேட்டரின் ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் பாதிக்கு மேல் போனது. திரை கிழிந்து அடுத்த தெருவில் கிடந்தது. புரொஜெக்டரை ஆபரேட்டர் முந்தின நாள் மாலையே தார்ப்பாயால் சுற்றிக் கட்டியிருந்தார். அவர் யாரையும் கேட்கவில்லை, தானாகச் செய்தார். அதனால் அது பிழைத்தது. காப்பீடு கட்டடத்துக்குக் குறைவான மதிப்பில் எடுக்கப்பட்டிருந்தது. கருவிக்குத்தான் வங்கி வற்புறுத்தியிருந்தது.

கூரை போன கட்டடத்தின் உறுதிச் சான்று செல்லாது; சான்று இல்லாமல் சி ஃபார்ம் கிடையாது. தகரக் கூரை போட்டு, பொதுப்பணித்துறை, தீயணைப்பு, மின் ஆய்வு, சுகாதாரம் என்று ஒவ்வொரு சான்றாக வாங்கித் திறக்க 2019 கோடை ஆனது. இரண்டாவது கடன். தகரக் கூரையில் மழைச் சத்தம் வசனத்தை அமுக்கிவிடும் என்பது திறந்த பிறகு தெரிந்தது.

2020–21: பூட்டு

2020 மார்ச் 17 அன்று எல்லாத் தியேட்டர்களும் மூடப்பட்டன. நவம்பர் 10-ல் பாதி இருக்கைகளோடு திறக்க அனுமதி வந்தது. போடப் படம் இல்லை என்று நாங்கள் திறக்கவில்லை. 2021 பொங்கலுக்குத் திறந்தோம். நூறு சதவீதம் என்று அரசு ஆணை வந்து, சில நாட்களில் திரும்பப் பெறப்பட்டு, பாதி இருக்கைக்கே படம் போட்டோம். ஆச்சரியமாக, அந்த வாரம் நல்ல வசூல். இளையவர் மறுபடி நம்பிக்கை கொண்டார். ஏப்ரல் 26-ல் மறுபடி மூடச் சொன்னார்கள்.

மூடிய அந்தக் காலத்தில் சின்னச் சித்தப்பா கொரோனாவில் இறந்தார். அவருடைய பிள்ளைகள் வெளியூரில் வேலை பார்க்கிறவர்கள், தியேட்டரோடு உறவில்லாதவர்கள். அவர்கள் பங்கைக் கேட்டார்கள். கேட்டதில் தவறு ஏதுமில்லை. ஆனால் கடனுக்கு எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், உரிமம் ஒருவர் பெயரில், மனை தாத்தா பெயரில். எவரும் எவரையும் ஏமாற்றவில்லை. இருந்தும் ஏமாற்றப்பட்டதாக எல்லோரும் நினைத்தார்கள். வக்கீல் நோட்டீஸ் வந்தது.

ஆகஸ்ட் 23-ல் மாநிலத்தில் தியேட்டர்கள் திறந்தபோது எங்களுடையது திறக்கவில்லை. புதுப்பிப்புக்கு விண்ணப்பிக்க எல்லா வாரிசுகளின் ஒப்புதலும் வேண்டும் என்ற நிலையில், உரிமம் காலாவதியானது. ஊர்ப் பெரியவர் ஒருவர் நடுவில் இருந்து பேசி முடித்தார். முன்பக்கத்தை மனையாகப் பிரித்துக் கடைகளாகக் கட்டினார்கள். அந்தப் பங்கு சின்னச் சித்தப்பாவின் பிள்ளைகளுக்கு. அரங்கம் பெரிய சித்தப்பாவின் பங்கில் வந்து கல்யாண மண்டபமானது. ரைஸ்மில் களத்தில் மீதி இருந்ததை விற்றுக் கடனை அடைத்தார்கள். இளையவருக்கு ஒரு வீடும் புரொஜெக்டரும். புரொஜெக்டரை வாங்கிய விலையில் பத்தில் ஒரு பங்குக்குக் கேட்டார்கள், கொடுத்துவிட்டார்.

இன்று மாற்றுவதாக இருந்தால்

முதலில் இருக்கை. 612 இருக்கைக்கு நாங்கள் ஏன் பிடிவாதமாக இருந்தோம் என்று இப்போது யோசித்தால் தெரியவில்லை. 2013-ல் கடன் வாங்கிப் புது நாற்காலி போட்டது 612-க்கும். இருநூறு போட்டு, பின்பகுதியைத் தடுத்து வாடகைக்கு விட்டிருந்தால் கடன் மூன்றில் ஒன்றாகியிருக்கும், ஏசியும் டீசலும் அதே அளவில் குறைந்திருக்கும். பக்கத்து மாவட்டத்தில் ஒருவர் அப்படித்தான் செய்தார். அவர் தியேட்டர் இன்றும் ஓடுகிறது. அவரைப் பார்த்து அன்றைக்குச் சிரித்தோம் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

ஷிஃப்டிங்கை விட்டிருக்கக் கூடாது. பிலிம் போனது உண்மை, வரிசை கலைந்ததும் உண்மை. ஆனால் வரிசை கலைந்த பிறகும் இரண்டு வாரம் தாமதமாக, ஓடும் என்று தெரிந்த படத்தை மட்டும், வாடகைக்கு எடுக்க முடியும் என்பதை 2018-ன் அந்த இரண்டு வாரங்கள் காட்டின. இன்றைக்கு ஓ.டி.டி. அந்த இடைவெளியையும் சில வாரங்களாகச் சுருக்கிவிட்டது என்பதால், இப்போது இது முன்பைப் போல் எளிதாக இருக்காது. 2013-ல் எளிதாக இருந்திருக்கும்.

மூத்தவர் இறந்த வருடமே மனையைப் பிரித்து, தியேட்டர் நிற்கும் இடத்தை மட்டும் பொதுவில் வைத்து எழுதியிருக்க வேண்டும். வங்கிக்கு எல்லோரும் வந்து உட்கார்ந்திருந்த அந்த நாளில் நான் சொல்லியிருந்தால் கேட்டிருப்பார்கள். கடன் பத்திரம் கையெழுத்தாவதே பெரிய காரியமாக இருந்ததால் வேறு பேச்சை எடுக்க வேண்டாமென்று இருந்துவிட்டேன்.

கணக்கைப் பொறுத்தவரை, ரூபாய்ப் பத்திக்குப் பக்கத்தில் ஆட்களின் பத்தியையும் வைத்துக் கிழமைவாரியாகப் பார்ப்பேன். டி.சி.ஆரில் இரண்டும் இருக்கும். கூட்டிப் போடுகிறவன் கடைசிப் பத்தியை மட்டும் கூட்டுகிறான். மண்டபத்துக்காக இடித்தபோது 1974 முதலான டி.சி.ஆர். கட்டுகள் முழுவதும் எடைக்குப் போயின. கேபிள் காலத்தைப் பிரித்துப் பார்க்க நான் வீட்டுக்கு எடுத்து வந்து திருப்பிக் கொடுக்க மறந்த மூன்று வருடக் கட்டுகள் மட்டும் என் பரணில் இருக்கின்றன. 1995 தை மாதத்து ஒரு வியாழக்கிழமை மேட்னி, மழைபெய்யும் பழைய பிரிண்ட்: பெண்கள் கவுண்டர் 214.